துருவ ஒளிக்கு எது ஏற்றது: பிளெண்டரா, சொந்த ஷேடரா?

பினாங்கு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 5 பாகையில் இருக்கிறது. வட துருவத்தை ஒட்டிய இரவு வானில் திரைபோல ஒளிரும் துருவ ஒளி இங்கே அண்ணாந்து பார்த்தால் தெரிகிற பொருளன்று. பட்டர்வொர்த்தில் ஒரு தமிழ்ப்பள்ளியின் அறிவியல் விழாவுக்கு அதைச் சுவரில் ஓடவிட்டுக் காட்டுகிறேன் என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் கவலை பிடித்துக்கொண்டது. அந்தப் பிள்ளைகளில் பலர் முதன்முதலாகப் பார்க்கப்போகும் துருவ ஒளி என் கையால் செய்ததாகவே இருக்கும். தப்பாகக் காட்டினால் அதுவே மனத்தில் தங்கிவிடும். ஆகவே பிளெண்டர் என்னும் முப்பரிமாணப் பட மென்பொருளிலும், திரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் நிறம் கணிக்கும் சிறு நிரலான ஷேடரை நானே எழுதியும், இரண்டு வழிகளிலும் முழுதாகச் செய்து பார்த்தேன்.

முதலில் பிளெண்டர். இலவசம், பயிற்சிக் காணொளிகளுக்கும் குறைவில்லை. ஒரு வளைகோட்டை வரைந்து மேல்நோக்கி நீட்டினேன். கீழே பச்சை, மேலே சிவப்பு, ஓரங்களில் மங்கல் என்று நிறமேற்றி, நாய்ஸ் என்னும் ஒழுங்கற்ற ஏற்ற இறக்கத்தைக் கொண்டு அலையவிட்டேன். அரை நாளில் கண்ணைப் பறிக்கும் படம் வந்துவிட்டது. ஐந்தாம் ஆண்டு படிக்கும் என் அக்காள் மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தாள். "மாமா, கொடியில் காயப்போட்ட சேலை காற்றில் ஆடுகிற மாதிரி இருக்கிறதே" என்றாள். அவள் சொன்னது சரி. நான் செய்திருந்தது துணி, ஒளி அன்று.

துணியை விட்டுவிட்டு, உண்மையான கன அளவுள்ள ஒளியாக, ஒளியின் போக்கைக் கணித்துப் படமாக்கும் பிளெண்டரின் எந்திரமான சைக்கிள்ஸில் செய்தேன். தோற்றம் வெகுவாகத் தேறியது. ஆனால் தனி கிராபிக்ஸ் அட்டை இல்லாத என் பழைய மடிக்கணினியில் ஒரு ஃபிரேமுக்கு மூன்று நிமிடம் பிடித்தது. நொடிக்கு 24 ஃபிரேம் வீதம் 20 நொடிக்கு 480 ஃபிரேம். முழுதாக ஒரு நாள். மறுநாள் பார்த்தால் வேகம் தவறு. திருத்தினால் இன்னொரு நாள்.

இங்கேதான் ஷேடர் முந்துகிறது. துருவ ஒளி தானே ஒளிர்வது. பின்னாலுள்ள விண்மீனை மறைப்பதில்லை, தன் நிழலை எதன்மேலும் விழச் செய்வதுமில்லை. பார்வைக்கோட்டில் எதிர்ப்படும் ஒளியையெல்லாம் கூட்டிக்கொண்டே போனால் போதும். எது முன்னால், எது பின்னால் என்று பார்க்க வேண்டியதில்லை. பல பொருள்களில் பட்டுத் தெறிக்கும் ஒளியைத் தொடரும் பெரிய எந்திரம் இந்த வேலைக்கு மிகை. மேலிருந்து பார்த்தாற்போல ஒரு தட்டையான வரைபடம்: விண்வெளியிலிருந்து வந்து காற்றில் மோதி இந்த ஒளியை எழுப்பும் எலெக்ட்ரான்கள் எங்கே விழுகின்றன என்பதை அது சொல்லும். அதோடு உயரத்துக்கு ஏற்ற ஒரு பட்டியல்: 100 கிலோமீட்டர் அருகே கூர்மையான கீழ்விளிம்பு, அதற்குமேல் பச்சை, 200-ஐத் தாண்டினால் சிவப்பு. இந்த இரண்டையும் பெருக்கி, திரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் பார்வைக்கோட்டில் 64 இடங்களில் எடுத்துக் கூட்டினேன். ஷேடர் எழுதும் மொழியான ஜிஎல்எஸ்எல்லில் எழுதிய நிரல் இருநூறு வரிகூட இல்லை. தெளிவை மட்டும் சற்றுக் குறைத்ததும் அதே மடிக்கணினியின் உலாவியில் தடையில்லாமல் ஓடியது.

நிறத்தில் இரண்டு வழியும் ஒன்றுதான். இரண்டிலும் நான் ஒரே தப்பைச் செய்தேன். படங்களில் பார்த்துப் பழகிய, நீலம் கலந்த பச்சையைக் கண்ணளவில் எடுத்துவிட்டேன். ஆக்சிஜன் அணு உமிழும் பச்சையின் அலைநீளம் 557.7 நானோமீட்டர். அதைத் திரையின் நிறங்களுக்கு மாற்றிக் கணக்கிட்டால் நீலத்தின் பங்கு சுழியத்துக்கும் கீழே போகிறது; எந்தச் சாதாரணத் திரையாலும் அதை அப்படியே காட்ட முடியாது. நீலத்தைச் சுழியத்தில் நிறுத்தி, பச்சையில் ஐந்தில் ஒரு பங்கு சிவப்புச் சேர்த்தேன். வாழைக்குருத்தின் பச்சை வந்தது.

என் முடிவைத் தீர்மானித்தது நேரம். எலெக்ட்ரான் மோதியதும் பச்சை ஏறக்குறைய முக்கால் நொடியில் வெளிப்பட்டுவிடும். சிவப்பை உமிழும் நிலையின் ஆயுள் ஏறக்குறைய 110 நொடி. கீழே காற்று அடர்த்தியாக இருப்பதால், சிவப்பை உமிழுமுன்பே அணு வேறொன்றில் மோதி ஆற்றலை இழந்துவிடுகிறது; உயரத்தில் மட்டும் சிவப்பு நிற்பதற்கு இதுவே காரணம். ஆகவே பச்சை துடிக்க வேண்டும், சிவப்பு சோம்பலாக மிதக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாக ஆட்டினால் சேலைதான்.

ஷேடரில் இதற்கு முந்தைய ஃபிரேமை நினைவில் வைத்தால் போதும். நொடிக்கு 30 ஃபிரேம் என்றால், ஒவ்வொன்றிலும் பச்சை நான்கரை விழுக்காடு கரையும், சிவப்பு 0.03 விழுக்காடு மட்டுமே. முதல் முயற்சியில் திரையின் படத்தையே நினைவில் வைத்துவிட்டேன். கேமராவைத் திருப்பியதும் சிவப்பு வானமெல்லாம் அப்பிக்கொண்டது. நினைவை அந்தத் தட்டையான வரைபடத்துக்கு மாற்றியதும் சரியாயிற்று. பிளெண்டரில் நிறத்தையும் ஒளியையும் அமைக்க ஒன்றோடொன்று இணைக்கும் கட்டங்களான ஷேடர் நோடுகளுக்கு இந்த நினைவு கிடையாது. 2023-இல் 3.6 பதிப்போடு வந்த சிமுலேஷன் நோடுகளால் செய்யலாம். ஆனால் அது சுற்றுவழி.

விழாவில் ஷேடரையே ஓட்டினேன். கேள்வி கேட்கும் பிள்ளைக்கு அங்கேயே வேகத்தை மாற்றிக் காட்ட முடிந்தது. ஒரு பையன் எழுந்து, "பச்சை போய்விட்டது, சிவப்பு ஏன் இன்னும் போகவில்லை?" என்று கேட்டான். அதற்கு விடை சொல்லவே கால் மணி நேரம் ஆனது. எனக்கு அதைவிட மகிழ்ச்சி வேறில்லை.

பனி மூடிய மரங்கள்மேல் பச்சை வெளிச்சம் படிய வேண்டும், குவிமாட அரங்குக்கு வானம் முழுவதையும் ஒரே வட்டத்தில் அடக்கும் மீன்கண் காட்சி வேண்டும் என்றால் நான் சைக்கிள்ஸையே எடுப்பேன். மீன்கண் கேமரா அதிலேயே இருக்கிறது. பனியில் ஒளி படிவதை நான் எழுதப் புகுந்தால் மாதங்கள் ஆகும். இப்போது இரண்டையும் இணைத்துப் பார்க்கிறேன். நினைவுள்ள அந்த வரைபடத்தை மட்டும் ஷேடரில் ஓட்டி, 20 நொடிக்கு 600 படங்களாகச் சேமித்து, பிளெண்டருக்குப் படவரிசையாகக் கொடுக்கிறேன். வேகம் சரிதானா என்பதை முதலில் உலாவியிலேயே பார்த்துவிடுவதால், ஒரு நாளை வீணாக்கிவிட்டுத் தவற்றைக் கண்டுபிடிக்கும் நிலை இனி இல்லை.