சேஃப்டி டிரெய்னிங்னு சொல்லி 41,300 ரூபா போச்சு, பேர்ணாம்பட்டு ஆம்பூர் பக்கம் யூனிட் வெச்சிருக்கவங்க கொஞ்சம் படிங்க

41,300 ரூபா. முழுசா போச்சு. எழுத்துப்பிழை இருந்தா கண்டுக்காதீங்க, கோவத்துல டைப் பண்றேன், ஆனா இத இன்னிக்கே போட்டாவணும், ஏன்னா என்கிட்ட காசு வாங்கின அதே ஆளு இப்போ குடியாத்தம் பக்கம் போன் அடிச்சிகினு இருக்கான்னு தெரிஞ்சவங்க சொல்றாங்க.

நம்மளுது பேர்ணாம்பட்டு பக்கம் சின்ன யூனிட்டு. ஷூ அப்பர், அதாவது ஷூவோட மேல் பாகம், அத கூலிக்குத் தைச்சுக் குடுக்கற ஜாப் ஒர்க். அறுபது பேரு சுமாரா, முக்காவாசி பொம்பளைங்க. தோல வெட்டற கிளிக்கிங் பிரஸ், ஓரத்த சீவற ஸ்கைவிங், பசை ஒட்டற பேஸ்டிங் டேபிள், தையல் மெஷினு, அவ்ளோதான். நாங்க தைச்சுக் குடுக்கற எக்ஸ்போர்ட் கம்பெனி வருஷா வருஷம் ஆடிட் வைக்கும், வெளிநாட்டு பையர் கேக்கறான்னு. ஃபயர் டிரில் ரெக்கார்டு எங்க, முதலுதவி கத்துகினவங்க யாரு, சொல்யூஷன் (ஒட்டற பசை) டின்னு பக்கத்துல அதுல இன்னா கெமிக்கல் இருக்குன்ற டேட்டா ஷீட்டு ஒட்டியிருக்கா, இதெல்லாம் நோண்டுவாங்க. நோண்டட்டும், அதுல எனக்கு வருத்தமே கிடையாது.

போன வருஷம், 2025 நவம்பர் 21, புது லேபர் கோடு (தொழிலாளர் சட்டத் தொகுப்பு) நாலும் அமலுக்கு வந்துச்சில்ல, அதுல ஒண்ணு வேலை செய்ற எடத்துல பாதுகாப்பு, சுகாதாரம் பத்தினது. 1948 ஃபேக்டரீஸ் ஆக்டு உள்பட 13 சட்டத்த எடுத்து ஒண்ணா போட்டுட்டாங்க. அன்னிலேர்ந்து இங்க எல்லா முதலாளிக்கும் ஒரே குழப்பம். நம்ம ஆடிட்டர கேட்டா ஜிஎஸ்டி கேளு, பிஎஃப் கேளு, இது என் சப்ஜெக்ட் இல்லப்பான்றாரு. வாட்ஸாப்ல ஆளாளுக்கு ஒண்ணு சொல்றான். இந்தக் குழப்பத்துலதான் இவனுங்க கடைய விரிச்சிருக்கானுங்க.

அந்தக் கம்பெனி பேரு போடல. வியாபாரம் தேடற ஆப்பு இருக்கில்ல, அதுல ஃபயர் சிலிண்டர் ரீஃபில்லுக்கு ஒருக்கா தேடினேன், அதோட சரி, நம்பர் எங்கெங்கயோ போயிடுச்சு. மார்ச் 4 சேஃப்டி டே வருதே, அதுக்கு முன்னாடி ஒரு போன். தொழிற்சாலைகளுக்கு சேஃப்டி டிரெய்னிங் குடுத்து, சட்டம் மாற மாற அப்டேட் அனுப்பற நிறுவனம், சென்னைல ஆபீசு, சேஃப்டி வீக் ஆஃபர்னான்.

நான் வெச்சிட்டிருப்பேன். ஆனா அவன் அடுத்து ஒண்ணு சொன்னான் பாருங்க. "சார், உங்க பக்கத்து ஆளுங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேணாம், 2015 ஜனவரி 31 நடுராத்திரி ராணிப்பேட்டை சிப்காட்ல கழிவுநீர் தொட்டி செவுரு இடிஞ்சு தூங்கிகினு இருந்த பத்து பேரு போனாங்களே, அதுக்கப்புறம்தான் சார் நான் இந்த வேலைக்கே வந்தேன்." அப்படியே வாயடைச்சுப் போச்சு எனக்கு. அந்த நேரத்துல எங்க சொந்தக்காரங்க ரெண்டு பேரு சிப்காட்லதான் வேலை. அன்னிக்கு விடியக்காலைல எங்க வூட்ல போன் மேல போன் போட்டுகினு இருந்தது எனக்கு இன்னும் மறக்கல. செத்தவங்க முக்காவாசிப் பேரு பிழைக்க வந்த வங்காளத்துப் பசங்க. அத எடுத்து ஒருத்தன் யாவாரத்துக்கு வெச்சிப் பேசுவான்னு யாருக்குத் தோணும்?

அப்பால சட்டம். "புது கோடுல தப்பு இருந்தா ரெண்டு லட்சத்துலேர்ந்து மூணு லட்சம் வரைக்கும் அபராதம் சார்"னான். அது உண்மைதான், பொதுவான அபராதம் அப்படித்தான் இருக்கு, இப்போ படிச்சுப் பாத்துட்டேன். அதே மூச்சுல "அறுபது பேரு இருந்தா சேஃப்டி ஆபீசர் கட்டாயம், நாங்களே அவுட்சோர்ஸ்ல போட்டுத் தர்றோம், பேக்கேஜ்ல வருது"ன்னான். சுத்தப் புளுகு. பழைய சட்டத்துல பொதுவா ஆயிரம் பேரு இருந்தாதான் சேஃப்டி ஆபீசர், புது கோடுல 500, ஆபத்தான வேலை நடக்கற ஃபேக்டரின்னா 250. தோல் பதப்படுத்தறது அந்த ஆபத்து லிஸ்ட்ல இருக்கு, நம்ம அப்பர் தைக்கறது இல்ல. அறுபது பேருக்கு எந்தக் கணக்குலயும் வராது.

35,000, அதுக்கு மேல 18 பர்சன்ட் ஜிஎஸ்டி 6,300, மொத்தம் 41,300. அரை நாள் டிரெய்னிங், எல்லாருக்கும் சர்டிஃபிகேட்டு, ஒரு வருஷத்துக்கு சட்ட அப்டேட்டு. 20,000 அட்வான்ஸ் ஜிபேல. லெட்டர்பேட்ல அரசாங்க முத்திரை மாதிரியே ஒரு லோகோ, கீழ 'அங்கீகரிக்கப்பட்டது'ன்னு. யாரு அங்கீகரிச்சாங்கன்றது மட்டும் கிடையாது.

டிரெய்னிங் அன்னிக்கு வந்தது அவன் இல்ல, ஒரு சின்னப் பையன். லேட்டு வேற, நான் லைன நிறுத்தி வெச்சிகினு ஒக்காந்திருக்கேன். லேப்டாப்ப தொறந்தான். சாரம் கட்டறது எப்படி, உயரத்துல வேலை செய்யும்போது பெல்ட்டு எப்படி மாட்டறது, ஹெல்மெட்டு. ஏம்பா, இது செருப்பு தைக்கற எடம்! எங்க பொண்ணுங்க சிரிக்குதுங்க. கிளிக்கிங் பிரஸ்ல ரெண்டு கையாலயும் பட்டன் அமுக்கினாதான் எறங்கணும், அத ஒரு பட்டன டேப்பு ஒட்டி ஏமாத்தி ஓட்டற பசங்க இருக்காங்க, விரலு போற வேலை அது, அதப் பத்தி பேசுப்பான்னா, அந்த மெஷின அப்பத்தான் பாக்கறான்.

பேஸ்டிங் டேபிள்ல ஒரு அக்கா எழுந்து கேட்டாங்க. "தம்பி, சாயங்காலம் ஆனா சொல்யூஷன் வாடைல தலை சுத்துது, வெரலு நுனி மரத்துப்போற மாதிரி கீது, இன்னா பண்றது?" இதுதான் கேக்க வேண்டிய கேள்வி, இதுக்குத்தான் நான் காசு குடுத்தேன். அவன் சொன்ன பதிலு: "மாஸ்க் போட்டுக்கோங்கக்கா." எந்த மாஸ்க்? கொரோனாவுக்குப் போட்டமே அதான். துணி மாஸ்க்கும் சர்ஜிக்கல் மாஸ்க்கும் அந்த ஆவிய நிறுத்தவே நிறுத்தாது. அதுக்குன்னு கார்பன் கேட்ரிட்ஜ் வெச்ச மாஸ்க் தனியா இருக்கு, அதுக்கும் முன்னாடி டேபிள்லயே எக்ஸாஸ்ட் வெச்சு வாடைய இழுத்துடணும், டின்ன மூடி வெக்கணும். சில சொல்யூஷன்ல ஹெக்ஸேன் இருக்கும், அத வருஷக்கணக்கா இழுத்தா கை கால் நரம்பே போயிடும். அந்த அக்கா சொன்ன மரத்துப்போறது இன்னான்னு புரியுதா? அந்தப் பையனுக்குப் புரியல. டீ பிரேக்குன்னுட்டான்.

கடைசியா வெளிய கூட்டிகினு போய் ஃபயர் சிலிண்டர ஒவ்வொருத்தர் கைலயும் குடுத்து போட்டோ. சிலிண்டர் மேல இருக்கற லாக் பின்னக் கூட இழுக்கல, அடிச்சுக் காட்டல. சொல்யூஷன் தீப்பிடிச்சா தண்ணி ஊத்தக் கூடாதுன்னு ஒரு வார்த்தை இல்ல. போட்டோ மட்டும் நிறைய எடுத்தான், அது எதுக்குன்னு பின்னாடிதான் தெரிஞ்சுது. மீதி 21,300 குடுத்தாதான் சர்டிஃபிகேட்டுன்னான், குடுத்தேன்.

ஆடிட் வந்துச்சு. வந்தவரு சர்டிஃபிகேட்ட ரெண்டு நிமிஷம் பாத்தாரு. எல்லாத்துலயும் ஒரே நம்பரு. தலைப்பு 'கட்டுமானப் பணியிடப் பாதுகாப்பு'. அன்னிக்கு லீவுல இருந்தவங்களுக்கும் சர்டிஃபிகேட் இருக்கு. டிரெய்னர் இன்னா படிச்சவருன்னு பேப்பர் கேட்டாரு, இல்ல. செல்லாதுன்னு எழுதிட்டாரு. மறுபடி டிரெய்னிங் குடுத்து ரெக்கார்டு காட்டற வரைக்கும் அடுத்த ஆர்டர் நிறுத்தி வெச்சிருக்காங்க.

இப்போ இவனுங்களுக்கு போன் போட்டா கதைய கேளுங்க. மொதல்ல "மேடம் மீட்டிங்ல இருக்காங்க". அப்பால "டிக்கெட் ரெய்ஸ் பண்ணியிருக்கோம் சார்". அப்பால என்கிட்ட பேசினவன் வேலைய விட்டுப் போயிட்டானாம். அவன் நம்பர் வாட்ஸாப்ல பச்சையா ஆன்லைன்ல நிக்குது! ஒரு பொண்ணு பேசுச்சு, நல்லா இனிப்பா: "சார் நீங்க எடுத்தது சில்வர் பேக்கேஜ், வெரிஃபிகேஷன் நம்பர் கோல்டுலதான் வரும், இன்னும் 12,000 கட்டிட்டா மாத்திக் குடுத்துடுவோம்." 41,300 வாங்கினது பத்தல, இன்னும் 12,000. சத்தம் போட்டேன். ரீஃபண்டு கேட்டு மெயில் போட்டதுக்கு இன்னா அனுப்பினானுங்க தெரியுமா, எங்க பொண்ணுங்க சிலிண்டர் புடிச்சிகினு சிரிக்கற அந்த போட்டோங்கள. "சர்வீஸ் டெலிவர்டு"ன்னு தலைப்பு போட்டு.

சட்ட அப்டேட்டுன்றது ஒரு வாட்ஸாப் குரூப்பு. பேப்பர் கட்டிங் கொஞ்சம், குட்மார்னிங் ரோஜாப்பூ கொஞ்சம். ஆளாளுக்கு கேள்வி கேக்க ஆரம்பிச்சதும் அட்மின் மட்டும் பேசற மாதிரி மாத்திட்டானுங்க. பில்லுல இருக்கற ஜிஎஸ்டி நம்பர போர்ட்டல்ல போட்டுப் பாத்தேன், கேன்சல்டுன்னு வருது. அப்போ அந்த 6,300 எவன் பாக்கெட்டுக்குப் போச்சு? சைபர் மோசடி புகார் நம்பர் 1930ல சொல்லி ஆன்லைன்லயும் புகார் போட்டிருக்கேன். பாக்கலாம்.

இன்னொண்ணு சொல்லியாவணும். மேல்விஷாரத்துல தோல் பதப்படுத்தற ஷாப்பு வெச்சிருக்கற ஒரு பாய்க்கும் இதே போன் வந்திருக்கு. அவரு ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்காரு: "பிட்டுக்குள்ள, அந்தக் குழிக்குள்ள, ஆளு போறதுக்கு முன்னாடி இன்னா பாக்கணும்?" பட்டுனு லைன் கட்டு. அவங்க ஷாப்புல சோடியம் சல்பைடு தண்ணியும் ஆசிடும் எங்கயாச்சும் கலந்துச்சின்னா அழுகின முட்டை வாடைல ஒரு கேஸு வரும், கொஞ்சமா இருந்தா வாடை தெரியும், அதிகமானா மூக்கே செத்துடும், வாடை போயிடுச்சேன்னு எறங்கறவன் ஏறி வர மாட்டான், அவன தூக்கப் போறவனும் வர மாட்டான். கேஸ் மீட்டர் போட்டுப் பாக்காம ஆள எறக்கவே கூடாது. அந்த எடத்துல போய் இவனுங்க சாரம் கட்டற ஸ்லைடு போட்டு சர்டிஃபிகேட் குடுத்திருந்தா? எனக்குப் போனது 41,300 ரூபாதான்.

சரி, இன்னா பண்ணணும்னு விவரமா எழுதலாம்னுதான் ஒக்காந்தேன், லோடு வண்டி வந்து நிக்குது. அவசரத்துக்கு இது. காசு குடுக்கறதுக்கு முன்னாடி ஜிஎஸ்டி நம்பர் போர்ட்டல்ல போட்டுப் பாருங்க, தமிழ்நாடுன்னா 33ல ஆரம்பிக்கும். அங்கீகாரம்னு சொன்னா எந்த ஆபீசு, எந்த ஆர்டருன்னு கேளுங்க, நம்ம மாநிலத்துல தொழிலகப் பாதுகாப்பு இயக்ககம் கிண்டில இருக்கு, போன் போட்டே கேக்கலாம். தரமணில மத்திய அரசோட ரீஜினல் லேபர் இன்ஸ்டிட்யூட் இருக்கு, அவங்களே டிரெய்னிங் நடத்தறாங்க. முதலுதவிக்கு செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் இருக்கு. விஷாரம் பாய் கேட்ட மாதிரி உங்க மெஷினப் பத்தி ஒரு கேள்வி போன்லயே கேளுங்க. சர்டிஃபிகேட்ட பாக்காம பேலன்ஸ் குடுக்காதீங்க.

ஷூ யூனிட் தெரிஞ்ச, சொல்யூஷன் பத்தி ஒழுங்கா சொல்லித் தரக்கூடிய, தமிழும் உருதும் பேசற டிரெய்னர் யாராச்சும் வேலூர் பக்கம் இருந்தா சொல்லுங்க. ஆர்டர் நின்னுகினு கீது, அந்த அக்காவுக்கும் இன்னும் பதில் சொல்லல.