சென்னை மொட்டை மாடியில் அடீனியம்: நீண்டகால வளர்ப்பு அனுபவம்

பருத்த அடித்தண்டு கொண்ட பூச்செடியான அடீனியத்தை வாங்கும்போது நர்சரியில் தவறாமல் சொல்லி அனுப்பும் அறிவுரை ஒன்றுண்டு: "தண்ணீர் அதிகம் ஊற்றாதீர்கள், தானாக வளரும்." பல ஆண்டுகளாகச் சென்னையில் மொட்டை மாடித் தொட்டிகளில், விதையிலிருந்து எழுப்பியவையும் ஒட்டுக் கட்டியவையுமாக இந்தச் செடியை வளர்த்து வருகிறேன். அந்த அனுபவத்தில் சொல்வதானால், இந்த அறிவுரை பாதிதான் உண்மை. மழைக்காலத்தில் அது செடியைக் காப்பாற்றும். கோடையில் அதே அறிவுரை செடியை வளரவிடாமல் முடக்கி வைக்கும். அடீனியத்திற்குத் தேவை குறைவான தண்ணீர் அன்று. ஊற்றிய தண்ணீர் வேரடியில் தங்காமல் உடனே வடிந்துபோகும் மண்கலவைதான்.

இதைப் புரிந்துகொள்ள அது பிறந்த இடத்தைப் பார்க்க வேண்டும். ஆப்பிரிக்காவில் சஹாரா பாலைவனத்துக்குத் தெற்கே உள்ள சாஹேல் என்ற வறண்ட பகுதியிலும் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் அரேபியத் தீபகற்பத்தின் தென்பகுதியிலும் இது இயற்கையாக வளர்கிறது. ஏமன் நாட்டில் தாவரங்களைச் சேகரித்து, அங்கேயே 1763இல் இறந்துபோன பீட்டர் ஃபோர்ஸ்கால் விட்டுச்சென்ற குறிப்புகளிலிருந்துதான், 1775இல் அச்சான நூலின் வழியாக, இந்தச் செடி தாவரவியலுக்கு அறிமுகமானது. அவர் இதை அரளிப் பேரினத்தில் சேர்த்திருந்தார். 1819இல்தான் இது அடீனியம் என்ற தனிப் பேரினமானது. இன்றும் அரளிக் குடும்பத்தில்தான் இருக்கிறது. அந்த நிலங்களில் ஆண்டின் பெரும்பகுதி வறட்சி; மழை பெய்யும் குறுகிய காலத்தில் செடி வேகமாகக் குடித்து, வேகமாக இலைவிட்டு, மிச்சத்தைப் பருத்த அடித்தண்டில் சேர்த்து வைக்கிறது. அங்கே மழையும் வெப்பமும் பெரும்பாலும் சேர்ந்தே வருகின்றன. சென்னையிலோ ஏப்ரல் முதல் ஜூன் வரை கொளுத்தும் வெயிலில் வானம் வறண்டிருக்கும். செடி ஓய்வை நோக்கித் திரும்பும் அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை கொட்டும். செடிக்குப் பசி இருக்கும்போது நீர் இல்லை, பசி அடங்கும்போது நீர் பெருகுகிறது. இந்த முரணைச் சரிசெய்வதுதான் இங்கே அடீனியம் வளர்ப்பின் முழு வேலை என்று கருதுகிறேன்.

மண்கலவையில் சிக்கனம் பார்க்கக் கூடாது. நர்சரிகளிலிருந்து வரும் செடிகள் பெரும்பாலும் களிமண் கலந்த செம்மண்ணிலோ, தேங்காய் நார்க்கழிவு மிகுந்த கலவையிலோ இருக்கும். கவனித்துக்கொள்ளும் வரை இவ்விரண்டிலும் செடி பிழைத்திருக்கும். ஆனால் நான்கு நாள் அடைமழை பெய்தால் தாங்காது. வாங்கி வந்து ஓரிரு வாரங்கள் இடத்திற்குப் பழக்கிய பின், பழைய மண்ணை உதிர்த்துவிட்டு, கலவையில் பாதிக்குமேல் கல்லும் கரடுமாக இருக்கும்படி மாற்றிவிடுகிறேன். பட்டாணி அளவில் உடைத்துச் சலித்த செங்கல் துண்டுகள், தூசியில்லாத பருமணல், கொஞ்சம் செம்மண், நன்கு மக்கிய சாண எரு அல்லது மண்புழு உரம், ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு ஆகியவை போதும். எடை குறைந்த எரிமலைக் கல் வகைகளான பெர்லைட்டும் பியூமிஸும் நல்லவைதான். ஆனால் உடைந்த செங்கல் செய்யும் வேலையை அவை பெரிதாக மிஞ்சிவிடுவதாக எனக்குத் தெரியவில்லை. செங்கலைச் சலிப்பது மட்டும் முக்கியம். தூள் அடியில் இறங்கிச் சேறாகப் படிந்தால் வடிகால் துளை அடைபட்டுப்போகும். கலவை சரியாக அமைந்ததா என்பதற்கு எளிய சோதனை உண்டு: தொட்டியின் விளிம்பு வரை ஊற்றிய நீர் மேலே குளமாக நிற்காமல் சில நொடிகளில் கீழே ஒழுக வேண்டும்.

இப்படிப்பட்ட கலவையில் வைத்த செடிக்குக் கோடையில் நாள்தோறும் நீர் ஊற்றலாம், ஊற்றவும் வேண்டும். மே மாத வெயிலில் அகலத் தொட்டியில் நிற்கும் செடி காலையில் ஊற்றிய நீரை மாலைக்குள் தீர்த்துவிடுகிறது. வாரம் ஒருமுறை ஊற்றி வளர்த்த செடியும், தினமும் ஊற்றி வளர்த்த செடியும் ஒரே வயதுடையவையாக அருகருகே இருந்தால் வேறுபாட்டைக் கண்ணாலேயே காணலாம். முன்னதன் அடித்தண்டு மெலிந்து, இலை சிறுத்து, நுனியில் மட்டும் நாலு பூ காட்டும். செப்டம்பர் முதல் நீரைக் குறைக்கிறேன். மழைக்காலத்தில் ஊற்றுவதே இல்லை. டிசம்பர், ஜனவரியில் இலைகள் மஞ்சளாகி உதிர்வது இயல்பு. அப்போது பதறி உரமிடுவதும் நீரூற்றுவதும்தான் ஆபத்து. ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பு மிகுந்த பகுதிகளில் மண்தொட்டியின் விளிம்பில் வெள்ளையாகப் பொரிந்திருக்கும். அங்கெல்லாம் கோடை மழை ஒன்று வந்தால் செடிகளைத் திறந்தவெளியிலேயே விட்டு நன்றாகக் கழுவிக்கொள்ளவிடுவது நல்லது.

பருவமழை தொடங்கும்முன் தொட்டிகளைக் கூரையடியிலோ, மேலே பாலிதீன் தாள் போர்த்திய, நான்கு பக்கமும் காற்றோடும் பந்தலின்கீழோ கொண்டுபோய்விட வேண்டும். மழையைவிட, மழையோடு சேர்ந்து வரும் குளிர்ந்த, வெயிலற்ற நாட்கள்தாம் அழுகலுக்கு வழிவகுக்கின்றன. அந்த வாரங்களில் அடித்தண்டை இரண்டு மூன்று நாட்களுக்கொருமுறை கட்டைவிரலால் சுற்றிலும் அழுத்திப் பார்ப்பது என் வழக்கம். தாகத்தால் தளர்ந்த தண்டு எல்லாப் பக்கமும் ஒரேபோல் நெகிழும். தோலில் மெல்லிய சுருக்கம் தெரியும். நீர் கிடைத்ததும் ஓரிரு நாளில் மீண்டும் இறுகிவிடும். அழுகல் அப்படியன்று. ஒரு பக்கம் கல்லாக இருக்கும்போதே மறுபக்கத்தில் விரல் உள்ளே அமுங்கும். அவ்விடத்தின் தோல் நிறம் மங்கி ஈரமாக இருக்கும். கீறினால் பழுப்பு நிறக் கூழும் புளித்த வாடையும் வரும். அப்போது ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. செடியைப் பிடுங்கி வேர்களைக் கழுவி, ஸ்பிரிட்டில் துடைத்த கூர்மையான கத்தியால் பழுப்பு நிறம் துளியும் மிஞ்சாமல், வெண்மையான சதை தெரியும் வரை சீவ வேண்டும். ஒவ்வொரு வெட்டுக்குப் பின்னும் கத்தியைத் துடைக்க வேண்டும். அதே கத்தி நோயை நல்ல சதைக்குள் கொண்டுபோய்விடும். பிறகு வெட்டுப்பரப்பில் பூஞ்சைக்கொல்லித் தூளைப் பூசி, நிழலில் காற்றாட ஒரு வாரம் அல்லது பத்து நாள் தொங்கவிட்டால், வெட்டிய இடம் காய்ந்து தோல்போல் இறுகும். உலர்ந்த கலவையில் நட்டு, மேலும் ஒரு வாரம் கழித்தே நீர் காட்ட வேண்டும். பாதி அடித்தண்டை இழந்த செடியும் இப்படிப் பிழைத்து, அடுத்த கோடையில் பூத்திருக்கிறது. இந்த ஒரு பண்புக்காகவே அடீனியத்தின்மேல் எனக்குப் பெரும் மதிப்பு உண்டு.

தொட்டி மாற்றும் வேலையைப் பிப்ரவரி, மார்ச்சில் செய்கிறேன். ஆழமான தொட்டி வேண்டாம். அகலமான, ஆழம் குறைந்த மண்தொட்டியே சிறந்தது. கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டி கோடையில் வேரைச் சுட்டுவிடுகிறது. ஒவ்வொரு முறை மாற்றும்போதும் செடியை முன்பிருந்ததைவிட ஓர் அங்குல அளவு உயர்த்தி வைத்தால், மண்ணுக்குள் பருத்துக் கிடந்த வேர்கள் வெளியே தெரியத் தொடங்கும். புதிதாக வெளிப்பட்ட வேரின் தோல் வெளிறி மென்மையாக இருக்கும். அதை நேரடியாக மதிய வெயிலில் காட்டினால் வெந்துவிடும். ஆகவே இரண்டு வாரமாவது அரைநிழலில் வைத்துப் பழக்க வேண்டும்.

கவாத்தும் அதே காலத்தில்தான். பூக்கள் புதிய கிளைகளின் நுனியில்தான் வருகின்றன என்பதால், வெட்டத் தயங்குபவர்களுக்கு நீண்ட குச்சியும் சில பூக்களுமே கிடைக்கும். கிளைகளைத் துணிந்து குறுக்கினால், வெட்டிய இடத்திற்குக் கீழிருந்து இரண்டு மூன்று துளிர்கள் எழும். ஏறக்குறைய இரண்டு மாதத்தில் செடி பூவால் நிறையும். துளிர்க்கும் நேரத்தில் லிட்டருக்கு ஒரு கிராம் வீதம், தழை, மணி, சாம்பல் சத்துகள் சமமாக உள்ள 19:19:19 உரமும், மொட்டு வைக்கும் பருவத்தில் தழைச்சத்து இல்லாத 0:52:34 உரமும் பதினைந்து நாளுக்கு ஒருமுறை கொடுக்கிறேன். தழைச்சத்து கூடினால் இலைதான் மிஞ்சும். நாளொன்றுக்கு ஆறு மணி நேர நேரடி வெயில் கிடைக்காத பால்கனியில் எந்த உரமும் பூவைக் கொண்டுவராது. அத்தகைய வீடுகளுக்கு இந்தச் செடியைப் பரிந்துரைக்க மாட்டேன்.

வெட்டும்போது வடியும் பால் நஞ்சு. இதயத்தைத் தாக்கும் வேதிப்பொருட்கள் அதில் இருப்பதால்தான் ஆப்பிரிக்காவின் பல பகுதிகளில் வேட்டைக்காரர்கள் இதை அம்பு நுனியில் தடவிவந்தார்கள். கையுறை அணிந்து வெட்டுவதும், முடித்தபின் சோப்பால் கை கழுவுவதும், தவழும் குழந்தையோ இலை கடிக்கும் பூனையோ உள்ள வீட்டில் எட்டாத உயரத்தில் வைப்பதும் கட்டாயம்.

பூச்சிகளில் மாவுப்பூச்சி இலைக்காம்பின் இடுக்கில் வெண்பஞ்சாகத் தொடங்குகிறது. கோடையில் செஞ்சிலந்தி இலையின் அடிப்பக்கத்தில் தூசிபோல் படர்கிறது. இரண்டிற்கும் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவி, மாலை நேரத்தில் லிட்டருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலுடன் கலந்து தெளித்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். வெயிலில் தெளித்தால் இலை கருகும். நந்தியாவட்டையிலும் அரளியிலும் வரும் பச்சைப் புழு இங்கும் வருகிறது. வளர்ந்த புழுவின் தலைப்பக்கத்தில் நீலக் கண் போன்ற இரு புள்ளிகள் இருக்கும். ஒரே இரவில் ஒரு கிளையை மொட்டையாக்கிவிடும். இலை நிறத்திலேயே இருப்பதால் புழுவைத் தேடுவதைவிடத் தரையில் விழுந்த கரும் எச்சத்தைப் பார்த்து, அதற்கு நேர் மேலே தேடுவது எளிது. அது அழகான ஓர் அந்துப்பூச்சியாக மாறக்கூடியது என்பதால் நான் கொல்வதில்லை. வீட்டு வாசலில் நிற்கும் பெரிய நந்தியாவட்டையில் விட்டுவிடுகிறேன்.

விதையா, ஒட்டா என்ற கேள்விக்கு என் விடை, இரண்டும் வேண்டும் என்பதே. அடித்தண்டின் அழகு விதைச்செடிக்கே உரியது. கிளையை வெட்டி நட்டாலும் வேர்விடும். ஆனால் அப்படிப் பருப்பது அரிது. விதைச்செடியின் பூ தாயைப்போல் இருக்கும் என்ற உறுதி இல்லை. தாய்லாந்திலும் தைவானிலும் உருவாக்கப்பட்ட அடுக்குப்பூ வகைகள் வேண்டுமானால் ஒட்டுச்செடிதான் வழி. அடுக்குப்பூ கண்ணுக்கு விருந்தாக இருந்தாலும் மழைநீர் இதழ்களுக்குள் தங்கி அழுகிவிடுகிறது. ஐந்து இதழ் கொண்ட ஒற்றைப்பூவே நம் ஊர் வானிலைக்கு ஏற்றது என்பது என் கருத்து. இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் நிறம் குறிப்பிட்டு வாங்கிய விதைகள் அனைத்தும் சாதாரண இளஞ்சிவப்பாகவே பூத்தன. நீல நிற அடீனியம் என்று படம் காட்டி விற்பதை நம்பவே வேண்டாம். அப்படி ஒரு நிறம் இந்தச் செடியில் இல்லை.

ஒட்டுச்செடியை நேரில் தேர்ந்தெடுக்கும்போது பூவைப் பார்க்குமுன் அடித்தண்டை அழுத்திப் பாருங்கள். ஒட்டு இணைந்த இடத்தில் இடைவெளியோ கறுப்புக் கோடோ இருந்தால் விட்டுவிடுங்கள். வீட்டிற்கு வந்தபின் ஒட்டுக்குக் கீழே எழும் துளிர்களை அவ்வப்போது கிள்ளிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஓரிரு ஆண்டில் அடிச்செடி மேலோங்கி, காசு கொடுத்து வாங்கிய வகை மெலிந்து மறைந்துபோகும்.