நான்கு முனைகள், தீராத எரிச்சல்

பண்டாரவளையில் கேபிள் வேலை செய்யும் நண்பர், மின்சுற்றைக் கணினியிலேயே ஓட்டிப் பார்க்கும் ஸ்பைஸ் மென்பொருளில், கேபிளுக்குப் பதிலாக நிற்கும் டிரான்ஸ்மிஷன் லைன் என்ற உறுப்பைப் போட்டுப் பார்ப்பதால் பிரயோசனம் உண்டா என்று கேட்டிருந்தார். இடியில் எரிந்த, சிக்னலைப் பெருக்கும் பூஸ்டரை மாற்றிவிட்டு வந்த கையோடு எழுதுகிறேன். கோபம் இன்னும் ஆறவில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். மலை மேலுள்ள அன்டெனாவிலிருந்து தோட்ட லயத்துக்கு இறங்கும் நூறு மீட்டர் கேபிளுக்கு இரண்டே எண்கள் போதும்: 75 ஓம் இம்பீடன்ஸ் (கேபிளில் ஓடும் அலையின் வோல்ட்டுக்கும் மின்னோட்டத்துக்கும் உள்ள விகிதம்), வேகக் காரணி 0.82 (ஒளியின் வேகத்தில் அத்தனை பங்கு) என்றால் சுமார் 407 நானோசெக்கன் தாமதம். நடுவில் யாரோ புண்ணியவான் 50 ஓம் துண்டை ஒட்டியிருந்தால், அந்த மூட்டில் அலையின் ஐந்தில் ஒரு பங்கு தலைகீழாகத் திரும்பி வருவது திரையில் தெரியும். வந்த நேரத்தை வைத்து மூட்டு எத்தனையாவது மீட்டரில் என்றே சொல்லலாம். அலைவுகாட்டியும் அதையே காட்டும்போது வரும் சந்தோஷத்துக்கு விலை கிடையாது.

ஆனால் அந்த உறுப்பின் நான்கு முனைகள் இருக்கின்றனவே, பக்கத்துக்குப் பக்கம் நடுக்கம்பிக்கு ஒன்று, கவசத்துக்கு ஒன்று என்று! கேபிளின் வெளிக்கவசம் ஒரே உலோகக் குழாய். ஸ்பைஸுக்கு அது தெரியாது. இரு பக்கத்துக் கவச முனைகளுக்கு இடையில் ஆயிரம் வோல்ட் வைத்தாலும் துளி மின்னோட்டம் ஓடாது. சும்மா விட்டால் எர்த்துக்கு வழியில்லாமல் முனை மிதக்கிறது என்று முறைப்பாடு வேறு. அதனால் எல்லோரும் இரண்டையும் எர்த்தில் கட்டிவிடுகிறார்கள். கட்டியதும், ஏப்ரல் மாதப் பின்னேர இடிக்குக் கவசத்தில் என்ன பாய்கிறது என்ற கேள்வியே படத்திலிருந்து காணாமல் போகிறது. எனக்குத் தேவையானதோ அது மட்டும்தான்.

கவசத்துக்கும் நிலத்துக்கும் இடையே இரண்டாவது லைன் போடுவதுதான் சரியான வழி. அதற்கு என்ன இம்பீடன்ஸ் கொடுப்பது? அது கேபிளின் உயரத்தைப் பொறுத்தது. எங்கள் கேபிள் நிழல் மரத்தில் ஏறி, தேயிலைச் செடியில் உரசி, தகரக் கூரையில் படுத்துப் போகிறது. கையில் வந்த எண்ணைப் போட வேண்டியதுதான்.

போகப்போக அலை மெலிவதையும் கணக்கில் எடுக்க ஸ்பைஸில் இருக்கும் ‘இழப்புள்ள லைன்’ உறுப்பும் அப்படியே: அதிர்வெண் கூடினால் இழப்பும் கூடும் என்பது அதற்குப் புரியாது.

நண்பருக்கு வேண்டாம் என்றே பதில் அனுப்பிவிட்டேன். புதிய பூஸ்டருக்கு முன்னால் கவசத்தை எங்கே எர்த் செய்வது என்று பார்க்க இன்றிரவு அதே ஸ்பைஸைத்தான் திறக்கப்போகிறேன். அவர் கேட்டால் சொல்லமாட்டேன்.