டாமியா 1/35 எம்113: காட்டுக்கு ஏற்ற பழைய கிட்

வியட்நாம் போரில் ஓடிய அமெரிக்கக் கவச வண்டி எம்113 ஏசிஏவிக்கு, மாடல் நிறுவனமான டாமியா 1/35 அளவில் (அசலில் 35இல் ஒரு பங்கு) தரும் 35135 எண் கொண்ட பிளாஸ்டிக் கிட்டை இன்றைக்கு வாங்கலாமா என்று கேட்டால், கட்டி முடித்து எங்கே நிறுத்தப் போகிறீர்கள் என்றுதான் திருப்பிக் கேட்க வேண்டும். வெறும் பலகைமேல் தனியாக நிற்கப்போகிற வண்டி என்றால் வேண்டாம். நுணுக்கத்தில் ஏஎஃப்வி கிளப் என்ற இன்னொரு நிறுவனத்தின் எம்113 பல படி மேல். வியட்நாம் காட்டில் முழங்கால் ஆழப் புல்லுக்கும் சேற்றுக்கும் நடுவே நிற்கப்போகிறது என்றால் இதுவே போதும். இதன் குறைகளில் முக்கால்வாசி ட்ராக்கிலும் (சக்கரங்களைச் சுற்றி ஓடும் சங்கிலிப்பட்டை) வண்டியின் உள்ளேயும்தான். ஒன்றைச் சேறு மூடிவிடும், இன்னொன்றைக் கதவு மூடிவிடும். மிச்சமாகிற காசையும் நேரத்தையும் செடிகளுக்குக் கொடுங்கள். காட்டு டியோராமாக்கள் (தரை, செடியோடு அமைக்கும் காட்சி மாடல்கள்) பெரும்பாலும் கெடுவது அங்கேதான்.

அசல் வண்டி 4.86 மீட்டர் நீளம், 2.69 மீட்டர் அகலம். 1/35இல் ஏறத்தாழ 139 மி.மீ., 77 மி.மீ. உடல் பாகங்கள் இப்போதும் ஒழுங்காகப் பொருந்துகின்றன. புட்டி அதிகம் தேவைப்படாது. கூரையை ஒட்டும்போது ரப்பர் பேண்டு போட்டு ஓர் இரவு விட்டுவிட்டால் பக்கவாட்டு இணைப்புக் கோடும் தெரியாது.

ஏசிஏவியை (கவசக் குதிரைப்படைத் தாக்குதல் வண்டி) சாதாரண எம்113இலிருந்து பிரித்துக் காட்டுவதே மேலே இருக்கிற கவசத் தகடுகள்தான். 1963 ஜனவரி 2 அன்று ஆப் பாக் சண்டையில் தென் வியட்நாமியப் படையின் எம்113களில் இடுப்புக்கு மேல் திறந்தபடி நின்று சுட்ட துப்பாக்கி வீரர்கள் பலர் பலியானார்கள். அதன் பிறகுதான் தகடு வைக்கும் வழக்கம் பரவியது. 1966 செப்டம்பரில் வியட்நாம் வந்த அமெரிக்காவின் 11ஆவது கவசக் குதிரைப்படை ரெஜிமென்ட் இந்த அமைப்பைப் பிரபலமாக்கியது: நடுவில் ஒரு எம்2 கனரக இயந்திரத் துப்பாக்கி, பின்னால் இரு பக்கமும் எம்60 இயந்திரத் துப்பாக்கி, மூன்றுக்கும் தகடு. பார்ப்பவர் கண் முதலில் போகும் இடம் அது. கிட்டிலோ தகடுகள் தடிமனாக இருக்கின்றன. 1 மி.மீ. பிளாஸ்டிக் என்றால் அசலில் 35 மி.மீ. இரும்பு ஆகிவிடும். முழுத் தகட்டையும் தேய்க்க வேண்டியதில்லை. உட்பக்க விளிம்பை மட்டும் 400 உப்புத்தாளில் சாய்வாகத் தேய்த்தால் முன்னாலிருந்து பார்க்க மெல்லியதாகத் தெரியும். துப்பாக்கி வாய்களில் எம்2வுக்கு 0.4, எம்60க்கு 0.3 மி.மீ. துளை போடுங்கள். முதலில் ஊசி முனையால் நடுவைக் குத்திக்கொள்ளாவிட்டால் துரப்பணம் வழுக்கி ஓரத்தைக் கிழித்துவிடும்.

பின் கதவை மூடிவிடுவதே புத்தி. திறந்து வைத்தால் வார்ப்பின்போது விழுந்த வட்டத் தடங்களைத் தேடித் தேடி நிரப்ப வேண்டும், உட்புறம் முழுக்க வெளிர் பச்சை அடிக்க வேண்டும், வீரர்களின் மூட்டை முடிச்சுகளால் தரையை நிறைக்க வேண்டும். அடித்தட்டில் கண்ணிவெடி வெடித்தால் உள்ளே இருப்பவர் பிழைப்பது அரிது என்பதால் வீரர்கள் கூரைமேல் உட்கார்ந்தே பயணித்தார்கள். ஆகவே கதவை மூடி, ஆட்களைக் கூரையில் ஏற்றுவது சோம்பேறித்தனம் இல்லை, சரித்திரமும் அதுதான். மணல் மூட்டைகளை எபாக்ஸி புட்டியில் 14 × 8 × 3.5 மி.மீ. அளவில் உருட்டி, இன்னும் மெத்தென்று இருக்கும்போதே ஒன்றன்மேல் ஒன்றாக அழுத்துங்கள். காய்ந்த பிறகு அடுக்கினால் செங்கல் போல நிற்கும்.

கிட்டின் பெரிய பலவீனம் வினைல் ட்ராக். மூன்று தொல்லைகள். பட்டை தானாகவே விறைத்து, சக்கரங்களுக்கு மேலே வில்லாக எழும்பி நிற்கும். அசலில் மேல்பக்க ட்ராக் லேசாகத் தொய்ந்திருக்கும். பெயிண்ட் உரிந்து வரும். வினைலில் உள்ள எண்ணெய்ப்பசை வருடக்கணக்கில் கசிந்து, தொடும் பிளாஸ்டிக் சக்கரத்தை இளக்கிவிடும். ஆகவே சக்கரங்களின் சுற்றுப்பரப்பையும் விடாமல் பெயிண்ட் அடித்து, அதையே தடுப்பாக்க வேண்டும். பட்டையைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, பிரைமர் போட்டு, அக்ரிலிக் மட்டும் பயன்படுத்துங்கள். தின்னர் நிறைய கலந்த எனாமல் வாஷ் (நீர்க்கக் கரைத்த பெயிண்ட்) வினைலை மொறுமொறுப்பாக்கி உடைத்துவிடும். மேல்பக்கத் தொய்வுக்கு, இரண்டாம் மூன்றாம் சக்கரங்களின் மேல் ஒரு சொட்டு சூப்பர்க்ளூ வைத்து அழுத்திப் பிடியுங்கள். பக்க ரப்பர்த் திரையை ஒட்டினால் எல்லாம் மறையும். ஆனால் வியட்நாமில் அந்தத் திரையைப் பெரும்பாலும் கழற்றிப் போட்டுவிட்டார்கள் என்பதால் அது கொஞ்சம் ஏமாற்று வேலை. ஒரே ஒரு இடத்தில் கூடுதலாகச் செலவழிக்கலாம் என்றால், தனித்தனிக் கண்ணிகளாகக் கோக்கும், எம்113க்கான டி130 வகை ட்ராக் வாங்குங்கள். இடப்பக்கம் 63, வலப்பக்கம் 64 கண்ணிகள். சக்கரங்களைத் தாங்கும் முறுக்குக் கம்பிகள் பக்கம் பக்கமாகக் கிடப்பதால் இருபுறச் சக்கரங்களும் நேருக்கு நேர் இல்லை. அந்த ஒரு கண்ணி வித்தியாசம் அதனால் வந்தது.

நிறத்துக்கு டாமியா பெயிண்டில் எக்ஸ்எஃப்-62 ஆலிவ் டிராபை (மங்கிய ராணுவப் பச்சை) அப்படியே அடித்தால் இந்த அளவு மாடலுக்கு இருட்டு. அதில் மூன்று பங்குக்கு எக்ஸ்எஃப்-60 அடர் மஞ்சள் ஒரு பங்கு கலந்தால் வெயிலில் வெளுத்த தோற்றம் வரும். இதன்மேல் துரு வழிய விடுவதைத்தான் மன்னிக்க முடியாது. எம்113இன் உடல் அலுமினியம், துருப் பிடிக்காது. கீறல்களில் மங்கிய வெள்ளிதான் தெரிய வேண்டும். துருவெல்லாம் இரும்பாலான ட்ராக், புகைக்குழாய், துப்பாக்கித் தகடு, மண்வெட்டி இவற்றுக்கு மட்டும்.

இனி காடு. முதலில் எந்த ஊர்க் காடு என்று முடிவு செய்யுங்கள். 11ஆவது ரெஜிமென்ட் முகாமிட்ட சுவான் லோக் பகுதியில் செம்மண், மூங்கில், ரப்பர் தோட்டம். மெக்கோங் கழிமுகத்தில் சாம்பல் பழுப்புச் சேறு, நீப்பாப் பனை, வாய்க்கால். செம்மண்ணில் நீப்பாவை நட்டால் வேலை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் பொய். எளிதாக ஆரம்பிக்க ரப்பர் தோட்டமே நல்லது. 6–7 மி.மீ. தடிமனில் நேர் வரிசையாக மரத்தண்டுகள், ஒவ்வொன்றிலும் சாய்வான வெட்டு, அதன் கீழே ஒரு கிண்ணம். கன்னியாகுமரிக்காரர்களுக்கும் மலேசியத் தமிழர்களுக்கும் அந்தத் தழும்பு எப்படி இருக்கும் என்று சொல்லித் தர வேண்டாம். தண்டுகளை 20 செ.மீ. உயரத்தில் வெட்டிவிடலாம், முழு மரமும் வேண்டும் என்றால் வீட்டில் இடம் இருக்காது.

அளவைத் தாளில் எழுதி மேசையில் ஒட்டி வையுங்கள். ஆள் 50 மி.மீ. யானைப்புல் இரண்டு முதல் மூன்று மீட்டர், அதாவது 57 முதல் 86 மி.மீ. வாழை இலை 55 மி.மீ. எட்டு செ.மீ. மூங்கில் 2.3 மி.மீ., கிட்டத்தட்டப் பல்குச்சி தடிமன். கடைகளில் விற்கும் 6 மி.மீ. ஸ்டாட்டிக் புல் (மாடலுக்கான செயற்கைப் புல் இழை) அசலில் 21 செ.மீ. மட்டுமே. அதைப் பரப்பிவிட்டுக் காடு என்றால் கால்பந்து மைதானம்தான் தெரியும். யானைப்புல்லுக்குத் தேங்காய் நார். பச்சையும் மஞ்சளும் கலந்த சாயத்தில் முக்கி, காயவைத்து, 8–10 இழைகளாகக் கட்டி, 1.5 மி.மீ. துளையில் பசையுடன் நட்டு, காய்ந்த பிறகு நுனியைச் சீரற்று வெட்டுங்கள். எல்லாம் நேராக நின்றால் துடைப்பம். சூடான கரண்டிக் காம்பால் நடுவே தடவினால் வளையும்.

வாழைக்குச் சாதாரண அச்சுத்தாள் போதும். 0.1 மி.மீ. தாள் அசலில் 3.5 மி.மீ.; கண் பொறுத்துக்கொள்ளும். நடுநரம்புக்கு 0.3 மி.மீ. செம்புக் கம்பி. நரம்பிலிருந்து விளிம்புவரை கத்தரியால் ஏழெட்டுக் கீறல் போட்டால் காற்றில் கிழிந்த இலை வந்துவிடும். குறைந்தது மூன்று பச்சை வேண்டும், அடியில் காய்ந்து தொங்கும் பழுப்புச் சருகும் வேண்டும். நிஜ இலைகளை நடாதீர்கள். சில மாதங்களில் நிறம் போய்ச் சுருளும், ஈரம் இருந்தால் பூஞ்சை பிடிக்கும். மிக்ஸியில் பொடித்த சருகைத் தரையில் தூவ மட்டும் பயன்படுத்தலாம், அதுவும் வெயிலில் நன்றாக உலர்த்திய பின்.

பலகை 25 × 20 செ.மீ., வண்டியை ஓரத்துக்கு இணையாக வைக்காமல் 15–20 டிகிரி திருப்பி வையுங்கள். 25 மி.மீ. எக்ஸ்பிஎஸ் நுரைப்பலகைமேல் பிளாஸ்டர், வெள்ளைப்பசை, மணல் கலவையை 4 மி.மீ.க்கு மிகாமல் பூசுங்கள். ஒரே தடவையில் தடிமனாகப் பூசினால் சுருங்கி வெடிக்கும், அடி மரம் வார்னிஷ் காணாததாக இருந்தால் ஈரத்தில் வளையும். சூப்பர்க்ளூவோ டப்பா ஸ்ப்ரேயோ இந்த நுரையைத் தொட்டால் குழி விழும். செம்மண்ணுக்குக் காவிப்பொடியும் செங்கல் பொடியும் சரிபாதி. டீ வடிகட்டியில் சலித்துத் தூவி, முதலில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் தெளித்துவிட்டு, அதன் பிறகே தண்ணீரில் சரிபாதி கரைத்த வெள்ளைப்பசையைச் சொட்டுங்கள். ஆல்கஹால் இல்லாவிட்டால் பசை பொடிமேல் முத்து முத்தாக உருளும், மண் கட்டி தட்டும். அதே பொடி வண்டியின் கீழ்ப்பாதிக்கும் போக வேண்டும். வண்டி ஒரு ஊர் மண்ணிலும் தரை இன்னொரு ஊர் மண்ணிலும் இருக்கிற டியோராமாக்கள் ஏராளம்.

எம்113 தரையில் தரும் அழுத்தம் சதுர செ.மீ.க்கு அரைக் கிலோவுக்குச் சற்றே மேல்; ஆகவே ஈர மண்ணிலும் 1–1.5 மி.மீ. பள்ளம் போதும். பூச்சு பாதி இறுகியதும், தண்ணீரில் நனைத்த ட்ராக் துண்டைத் தடம் நெடுக அழுத்துங்கள். அகலம் 11 மி.மீ. தடம் வண்டிக்குப் பின்னால் மட்டுமே இருக்க வேண்டும். முன்னால் போட்டுவிட்டு, வண்டி பின்னோக்கி வந்தது என்று சமாளிப்பவர்களும் உண்டு. நசுங்கிய புல் வண்டி போகிற திசையிலேயே சாய்ந்து கிடக்கும். மூங்கிலை முட்டித் தள்ளிக்கொண்டு வந்த வண்டியின் முன்பக்க அலைத்தடுப்புப் பலகை இடுக்கில் உடைந்த கிளையும், கூரைமேல் உதிர்ந்த இலையும் சேர்ந்திருக்கும். பத்துப் பதினைந்து துண்டுகள் வைத்தாலே வண்டியும் காடும் ஒட்டிக்கொள்ளும். ஐம்பது வைத்தால் குப்பை லாரி.

பள்ளத்தில் தேங்கிய தண்ணீருக்கு எபாக்ஸி ரெசின், ஒரு தடவைக்கு 2 மி.மீ.க்கு மேல் வேண்டாம். அதிகம் ஊற்றினால் இறுகும்போது கிளம்பும் சூடு நுரையை உருக்கும். பாலியெஸ்டர் ரெசின் என்றால் நுரையையே கரைத்துவிடும். ஊற்றுவதற்கு முன் பள்ளத்தின் உட்புறம் முழுதும் இரண்டு கை வெள்ளைப்பசை பூசிக் காயவிடுங்கள். பொடி மண்ணுக்கு இடையே ஊசி முனை ஓட்டை இருந்தாலும் ரெசின் வடிந்து, காலையில் பலகைக்கு அடியில் மேசையோடு ஒட்டியிருக்கும். மேட் வார்னிஷை ரெசினுக்கு முன்பே, ஈரமில்லாத நாளில் அடித்துவிடுங்கள். மழைக்காலத்தில் அடித்தால் வண்டி முழுக்க வெள்ளையாகப் பூத்துவிடும்.