மாத்திரைக் கவரில் எந்த க்யூஆர்: எழுத்தா, சந்தாவா, சொந்த முகவரியா?

மருந்துக்கடையில் க்யூஆர் என்றாலே கல்லாப் பக்கம் நிற்கும் யுபிஐ அட்டைதான் நினைவுக்கு வரும். இங்கே பேசுவது அதைப் பற்றி இல்லை. மருந்தை வாங்கிப் போனவர் வீட்டில் உட்கார்ந்து "இதை எப்படிக் கலக்குவது, எப்படி இழுப்பது?" என்று பார்த்துக்கொள்ள, கடைக்காரர் கவரிலோ பெட்டியிலோ ஒட்டித் தரும் க்யூஆர் பற்றியது இந்த அலசல். மருந்துக் கம்பெனி அச்சடிப்பதும் வேறு. 2023 ஆகஸ்ட் 1 முதல் தயாராகும் சரக்கில், பட்டியலிட்ட 300 பிராண்டுகளுக்கு லேபிளில் பார்கோடோ க்யூஆரோ கட்டாயம். அதில் மருந்தின் பெயர், தயாரிப்பாளர், பேட்ச், காலாவதி, உரிம எண் எல்லாம் இருக்கும். அசலா போலியா என்று பார்க்க உதவும். சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று சொல்லாது.

நாமே ஒட்டுவதற்கு மூன்று வழி உண்டு. விளக்கத்தையே எழுத்தாக க்யூஆருக்குள் அடைப்பது ஒன்று. சந்தா கட்டி, ஒரு சேவை நிறுவனத்திடம் 'டைனமிக்' க்யூஆர் வாங்குவது இரண்டாவது. சொந்தமாக டொமைன் (இணையத்தில் நம் கடைக்கான பெயர்) எடுத்து, மருந்துக்கு ஒரு இணையப் பக்கம் எழுதி, அந்த முகவரியை அச்சடிப்பது மூன்றாவது. எங்கள் மருந்துக்கடைக் கவுன்டரில் ஓடுவது மூன்றாவது. அதனால் சாய்வு அந்தப் பக்கம்தான் இருக்கும்.

எந்த வழியானாலும் ஒன்று மாறாது. அளவும் வேளையும் லேபிளில் கண்ணுக்குத் தெரிகிற எழுத்தாக இருக்க வேண்டும். "காலை 1, இரவு 1" என்பதை ஸ்கேன் செய்தால்தான் தெரியும் என்று வைப்பது சேவை இல்லை. மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் போல வாரம் ஒரு முறை மட்டுமே சாப்பிட வேண்டிய மாத்திரையில் கிழமையைப் பெரிய எழுத்தில் போடாமல் க்யூஆரை நம்பினால் ஆபத்து. பட்டையை வெட்டி நாலு மாத்திரை கொடுக்கும்போது காலாவதித் தேதி கடையில் தங்கிவிடுகிறது. அதையும் லேபிளில் அடித்துத்தான் தர வேண்டும். செய்முறைக்குத்தான் க்யூஆர்.

முதல் வழியில் பெரிய வசதி, நெட் வேண்டாம். செலவும் இல்லை. ஆனால் தமிழுக்கு அது கட்டுப்படியாகாது. கணினி எழுத்தைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ் எழுத்தின் ஒவ்வொரு உறுப்பும் 3 பைட் பிடிக்கும். 'கா' என்றால் 'க'வும் துணைக்காலும் சேர்ந்து 6. "காலை 1, இரவு 1. சாப்பிட்ட பின்." என்ற ஒரு வரியே 73 பைட். நடுத்தரப் பிழைதிருத்தத்தில் (கொஞ்சம் சேதமானாலும் படிக்க வைக்கும் ஏற்பாடு) அதற்கே 37க்கு 37 கட்டம் வேண்டும். டிரை சிரப் (தண்ணீர் ஊற்றிக் கலக்கும் பொடி மருந்து) கலக்கும் முறையை ஐந்தாறு வரியில் எழுதினால் 600 பைட் தாண்டும். கட்டம் குறைந்தது 93க்கு 93 ஆகிவிடும். 50க்கு 25 மில்லிமீட்டர் ஸ்டிக்கரில் அதை அடைத்தால் புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். போதாததற்கு, வெறும் எழுத்தைக் கண்ட ஐபோன் கேமரா அதை இணையத்தில் தேடவா என்று கேட்கும். பாட்டி என்ன செய்வார்? எழுதியதில் ஒரு பிழை என்றாலும், ஒட்டிப் போனது ஒட்டிப் போனதுதான்.

இரண்டாவது வழி பார்க்க அழகாக இருக்கும். லோகோ போடலாம், எத்தனை பேர் ஸ்கேன் செய்தார்கள் என்று தெரியும், போய்ச் சேரும் பக்கத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். கம்ப்யூட்டர் பக்கம் போகாத கடைக்காரருக்கு இது லேசு. ஆனால் 'டைனமிக்' என்பதில் மந்திரம் எதுவும் இல்லை. அச்சடித்த கட்டம் மாறவே மாறாது. அதற்குள் இருப்பது அந்த நிறுவனத்தின் குறுமுகவரி; அங்கிருந்து அவர்கள் நம் பக்கத்துக்குத் திருப்பிவிடுகிறார்கள். சந்தா நின்றால் திருப்பிவிடுவதும் நிற்கும்.

முடிவைத் தீர்மானிப்பது இந்த இடம்தான். கவுன்டரில் ஒட்டிய போஸ்டர் என்றால் கிழித்துவிட்டு வேறு ஒட்டலாம். ஊரெங்கும் வீடுகளில் இருக்கும் டப்பாவில் ஒட்டியதை என்ன செய்வது? 200 முறை அடிக்கும் இன்ஹேலர், காலை 2 இரவு 2 என்றால் 50 நாள் வரும். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மூன்று மாத மாத்திரையை மொத்தமாக வாங்குகிறவர்கள் உண்டு. பழைய பெட்டியைத் தூக்கிப் போடாமல் அதிலேயே அடுத்த பட்டையையும் வைப்பது நம் வீடுகளில் சாதாரணம். நாம் கட்டணம் கட்ட மறந்த வாரத்தில் அவை அத்தனையும் ஒரே நாளில் ஊமையாகிவிடும். சில சேவைகளில் நம் பக்கத்துக்குப் பதில் அவர்கள் விளம்பரம் வரும். 'இலவசம்' என்று சொல்லி டைனமிக் க்யூஆர் கொடுத்து, சோதனைக் காலம் முடிந்ததும் பணம் கேட்கும் தளங்களும் இருக்கின்றன. அச்சுக்குக் கொடுக்கும் முன் ஸ்கேன் செய்து, திறக்காமல் முகவரியை மட்டும் பாருங்கள். நம் பெயர் இல்லாமல் வேறு யார் பெயரோ இருந்தால், சாவி அவர்கள் கையில்.

சொந்த முகவரியில் சாவி நம்மிடம். '.இன்' டொமைனுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் ஆகும். பத்தாண்டு வரை முன்கூட்டியே கட்டி வைக்கலாம், கட்டிவிடுவது நல்லது. விட்டுவிட்டால் அதை வேறொருவர் வாங்குவார். இன்சுலின் பெட்டியை ஸ்கேன் செய்தவர் சூதாட்டத் தளத்தில் போய் நிற்பார். டொமைன் கடை உரிமையாளர் பெயரில் இருக்கட்டும். தளம் செய்து கொடுத்த தம்பியின் கணக்கில் வேண்டாம். ஹோஸ்டிங்கை (தளத்தை வைத்திருக்கும் சர்வர் சேவையை) நாளைக்கே மாற்றினாலும் முகவரி அதேதான், ஒட்டிய ஸ்டிக்கர் எல்லாம் வேலை செய்யும்.

அச்சில் ஒரு நுணுக்கம். முகவரியை முழுக்கப் பெரிய ஆங்கில எழுத்தில் கொடுத்தால் க்யூஆர் சிக்கனமான முறைக்கு மாறும். 29 எழுத்துக்குள் நின்றால், 25 சதவீதம் சேதம் தாங்கும் 'க்யூ' நிலையிலேயே 25க்கு 25 கட்டம் போதும். 'எச்டிடிபிஎஸ்' முன்னொட்டுக்கு 8 போக 21 மிச்சம். அதற்குள் டொமைனும் மருந்துக்கான மூன்றெழுத்துக் குறியும் அடங்க வேண்டும். சர்வரில் பக்கத்தின் பெயரும் பெரிய எழுத்திலேயே இருக்கட்டும்; சின்ன எழுத்தில் வைத்தால் 'பக்கம் இல்லை' என்று வரும். அங்குலத்துக்கு 203 புள்ளி அடிக்கும் (203 டிபிஐ) லேபிள் பிரிண்டரில் ஒரு மில்லிமீட்டருக்கு 8 புள்ளி. கட்டத்துக்கு 4 புள்ளி கொடுத்தால் அரை மில்லிமீட்டர். சுற்றிலும் 4 கட்டம் வெற்றிடம் விட்டால் மொத்தம் 16.5 மில்லிமீட்டர். 25 மில்லிமீட்டர் உயர ஸ்டிக்கரில் தாராளமாக உட்காரும், பக்கத்தில் அளவு எழுதவும் இடம் இருக்கும்.

பெரும்பாலும் கெடுவது இங்கேதான்: க்யூஆரைப் படமாக வைத்து மவுஸால் இழுத்துப் பெரிதாக்குவது. ஒரு கட்டத்துக்கு 3 புள்ளி, அடுத்ததற்கு 4 என்று விழுந்து, பழைய போன்கள் தடுமாறும். லேபிள் மென்பொருளில் க்யூஆர் என்ற உறுப்பையே வைத்து, செல் அகலம் (ஒரு கட்டத்துக்கான புள்ளிகள்) 4 என்று கொடுங்கள். மை ரிப்பன் இல்லாமல் சூட்டால் அடிக்கும் தெர்மல் ஸ்டிக்கர் வெயிலில் கருக்கும், சானிடைசர் பட்டால் கெட்டுப்போகும். மூன்று மாதம் இருக்க வேண்டியதற்கு மெழுகு ரிப்பன் போட்டு அடிப்பதே சரி. கண் சொட்டு மருந்துக் குப்பியில் இடம் இல்லை, பெட்டியில்தான் ஒட்ட வேண்டும். இன்ஹேலரில் உலோகக் குப்பி மேல் ஒட்டக் கூடாது. எதிலும் பேட்ச், காலாவதியை மறைக்கக் கூடாது. க்யூஆருக்கு அருகில் "மருந்து விளக்கம் – போன் கேமராவில் பார்க்கவும்" என்று போடாவிட்டால் பாதிப்பேர் பணம் அனுப்பும் ஆப்பைத் திறப்பார்கள்.

இணையப் பக்கத்தில் என்ன எழுதுவது? டிரை சிரப்பை எடுத்துக்கொள்வோம். பாட்டிலைத் தட்டிப் பொடியை உதிர்த்து, ஆறிய வெந்நீரைப் பாதி ஊற்றிக் குலுக்கி, பிறகு அம்புக்குறி வரை நிரப்பி மறுபடி குலுக்கி, நுரை அடங்கியதும் மட்டம் இறங்கியிருந்தால் குறி வரை இன்னும் கொஞ்சம் ஊற்ற வேண்டும். நுரையோடு அளந்து நிறுத்தினால் மருந்து கெட்டியாகி, அளவு கூடிப்போகும். ஒவ்வொரு வேளைக்கும் தனித்தனியாகத் தண்ணீர் சேர்க்கிறவர்களும் உண்டு. அதைக் கூடாது என்றே எழுத வேண்டும். கலந்த பின் பெரும்பாலும் 7 நாள்தான், பெட்டியில் போட்டிருப்பதே முடிவு. அமாக்சிசிலின்-கிளாவுலனேட் என்ற ஆன்டிபயாடிக் என்றால் ஃபிரிட்ஜில், ஃப்ரீசரில் இல்லை. இதை நாலு படத்தோடும், படிக்க வராதவருக்கு 40 விநாடிக் குரல்பதிவோடும் போட்டால் போதும். விநாடிக்கு 32 கிலோபிட் (கேபிபிஎஸ்) தரத்தில் குரல் 160 கிலோபைட்தான் ஆகும். யூடியூபில் ஏற்றி இணைப்புக் கொடுத்தால் முதலில் விளம்பரம் ஓடும், முடிந்ததும் யாரோ ஒருவரின் வீட்டு வைத்தியம் வரும். எல்லாப் பக்கத்தின் அடியிலும் பக்கவிளைவைத் தெரிவிக்கும் அரசின் இலவச எண் 1800-180-3024 இருக்கட்டும்.

மருந்துவாரியாகப் பக்கம் வைப்பதில் இன்னொரு லாபம், நோயாளி பெயர் எங்கும் வராது. பில் எண்ணை முகவரியில் சேர்த்து ஆளுக்கொரு பக்கம் செய்து தரும் மென்பொருள்கள் உண்டு. 1045 என்பதை 1046 ஆக்கினால் அடுத்தவரின் மருந்துப் பட்டியல் தெரியும் என்றால், அது 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுச் சட்டக் காலத்தில் கடைக்குத் தலைவலி.

பல கிளை உள்ள கடைகளுக்குக் கணக்கு மாறலாம். எந்தக் கிளையில் எது ஸ்கேன் ஆகிறது என்று தினமும் பார்க்க ஆள் இருந்தால் சந்தா சேவை கைகொடுக்கக்கூடும். அதில் அடித்துச் சொல்லும் அளவுக்கு எங்களுக்குப் பழக்கம் இல்லை. அப்படிப் போனாலும் நம் டொமைனையே இணைத்துக்கொள்ளும் திட்டமாகப் பார்த்து வாங்குங்கள். தனிக் கடை என்றால் டிரை சிரப், இன்ஹேலர், இன்சுலின் பேனா, கண் சொட்டு மருந்து ஆகிய நாலோடு தொடங்கலாம். பாரசிட்டமாலுக்கு ஸ்டிக்கரை வீணாக்க வேண்டாம்.