நெஸ் ஏரி: எடின்பரோவிலிருந்து ஒருநாள் கோச்சா, இன்வர்னெஸில் தங்கலா?

ஸ்காட்லாந்தின் நெஸ் ஏரியில் வாழ்வதாகச் சொல்லப்படும் மர்ம மிருகமான நெஸ்ஸியைத் தேடிப் போகிறவர்களுக்கு இரண்டு வழி. எடின்பரோவில் காலையில் கோச் (சுற்றுலாப் பேருந்து) ஏறி இரவுக்குள் திரும்புவது ஒன்று. ரயிலில் ஏரியின் வடமுனைக்கு அருகிலுள்ள இன்வர்னெஸ் நகருக்குப் போய் ஓரிரவு தங்குவது இன்னொன்று.

கோச் பயணம் கிட்டத்தட்ட 12 மணி நேரம். அதில் ஏரிக்கரையில் கிடைப்பது இரண்டு மணி நேரம் இருந்தால் அதிகம். பெரும்பாலும் ஏரியின் தென்முனை ஊரான ஃபோர்ட் அகஸ்டஸில் இறக்கிவிடுவார்கள். அங்கே படகுச் சவாரி போகலாம். இல்லையென்றால் கலிடோனியன் கால்வாயின் ஐந்தடுக்கு மதகுகளில் படகுகள் ஏறி இறங்குவதை வேடிக்கை பார்க்கலாம். எனக்கு மதகுதான் பிடிக்கும், காசும் மிச்சம்.

கோச்சின் பலம் ஏரியல்ல, வழிதான். கிளென்கோ பள்ளத்தாக்கில் 1692-இல் மெக்டொனால்டு குலத்தாரை விருந்தாளிகளே கொன்ற கதையை அந்த மலைகளுக்கு நடுவே கைடு சொல்லிக் கேட்க வேண்டும். நெஸ்ஸி கதையில் மட்டும் உஷாராக இருங்கள். 6-ஆம் நூற்றாண்டுத் துறவி கொலம்பா விரட்டிய மிருகம் இருந்தது ஏரியில் அல்ல, நெஸ் ஆற்றில். இன்றைய நெஸ்ஸி மோகம் 1933-இல் பத்திரிகைச் செய்திகளோடு கிளம்பியது. அடுத்த வருடம் வந்த நெஸ்ஸியின் புகழ்பெற்ற புகைப்படம், பொம்மை நீர்மூழ்கிக் கப்பலில் கழுத்தை ஒட்டி எடுத்தது என்று 1994-இல் அம்பலமானது. இதையும் சேர்த்துச் சொல்கிறவர்தான் நல்ல கைடு.

ஆனால் ஏரியைப் பார்க்க இன்வர்னெஸ்தான். அந்தப் பக்கத்துப் படகுகள் அர்கார்ட் கோட்டை வரை போகும். ஃபோர்ட் அகஸ்டஸின் ஒரு மணி நேரப் படகுக்கு அது எட்டாத தூரம். பல படகுகளில் ஒலி அலையால் ஆழத்தைக் காட்டும் சோனார் திரை உண்டு. கரையை விட்டுக் கொஞ்சம் நகர்ந்ததுமே ஆழக் கோடு சரசரவென்று இறங்கும். அதிகபட்ச ஆழம் சுமார் 230 மீட்டர். கரிமண் கரைந்த தண்ணீர் டிக்காஷன் நிறம், சில அடிக்குக் கீழே ஒன்றும் தெரியாது. 2018-இல் விஞ்ஞானிகள் இந்தத் தண்ணீரை அள்ளி டிஎன்ஏ பார்த்தார்கள். ஊர்வன எதுவும் சிக்கவில்லை, விலாங்கு மீன் ஏராளம்.

தங்கினால் தென்கரையின் டோர்ஸ் ஏரிக்கரை, ஃபாயர்ஸ் அருவி எல்லாம் நிதானமாகப் பார்க்கலாம்.

கையில் ஒரே நாள், ஹைலாண்ட்ஸ் என்ற ஸ்காட்லாந்து மலைப்பகுதியைப் பார்த்ததே இல்லை என்றால் கோச். மற்றபடி இன்வர்னெஸ். டிசம்பரில் மாலை நான்குக்குள் இருட்டிவிடும் என்பதால் அப்போது கோச் வேண்டவே வேண்டாம். இன்வர்னெஸிலிருந்து கோட்டைக்குப் பேருந்தில் போகிறவர்கள் இடப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள், ஏரி அந்தப் பக்கம்.