‘மான்ஸ்டர்’ 25-ஆம் ஆண்டுப் பதிப்பு: குரல் மேலே, கிட்டார் கீழே

அமெரிக்க ராக் குழு ஆர்.இ.எம்.-இன் ரசிகர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் ‘ஆட்டோமேட்டிக் ஃபார் தி பீப்பிள்’ பற்றிச் சண்டை வராது. அந்த ஆல்பத்தில் எல்லாரும் ஒரே கட்சி. ‘மர்மர்’ பெரிதா ‘ரெக்கனிங்’ பெரிதா என்பதும் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். யாராவது ‘மான்ஸ்டர்’ என்று ஆரம்பித்தால்தான் விவகாரம். 1994-இல் வந்த வேகத்தில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் முதலிடம் பிடித்த ஆல்பம். சில வருடங்களில் அதே ஆரஞ்சு அட்டை அமெரிக்காவின் பழைய சிடி கடைகளில் குவிந்து கிடந்தது. வாங்கியவர்களில் பலர் ‘லூசிங் மை ரிலிஜன்’ மாதிரி இன்னொரு மாண்டலின் பாட்டை எதிர்பார்த்தார்கள். கிடைத்தது கிட்டார்காரர் பீட்டர் பக் திருகி வைத்த ட்ரெமொலோ (ஒலியை நடுங்கவைக்கும் உத்தி) இரைச்சல்.

நான் இரைச்சல் கட்சி. 2019 நவம்பரில் கிராஃப்ட் ரெக்கார்டிங்ஸ் வெளியிட்ட 25-ஆம் ஆண்டுப் பெட்டியைப் பற்றி இங்கே சொல்வதையெல்லாம் அந்தச் சார்பைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

பெட்டிக்குள் ஐந்து சிடியும் ஒரு புளூ-ரேயும் இருக்கின்றன. பழைய ஆல்பத்தை ரீமாஸ்டர் செய்தது (கலவையை மாற்றாமல் ஒலியை மட்டும் மெருகேற்றியது) ஒன்று, டெமோக்கள் எனும் முன்னோட்டப் பதிவுகள் ஒன்று, 1995 ஜூனில் சிகாகோவில் நடந்த கச்சேரி இரண்டு. மிச்சமுள்ள ஒன்றுதான் வம்பு. ஆல்பத்தைக் குழுவோடு சேர்ந்து தயாரித்த ஸ்காட் லிட், தான் அன்று செய்த மிக்ஸ் (குரலையும் வாத்தியங்களையும் அளவு பார்த்துக் கலப்பது) சரியில்லை என்று வெகுகாலமாகக் குறைப்பட்டுக்கொண்டிருந்தார். குழு 2011 செப்டம்பரில் கலைந்துவிட்டது, இனி புது ஆல்பம் கிடையாது. சரி, பழையதையாவது திருத்துகிறேன் என்று அவர் கேட்க, நால்வரும் விட்டுவிட்டார்கள். பன்னிரண்டு பாட்டையும் மூல டேப்பிலிருந்து எடுத்துப் புதிதாக மிக்ஸ் செய்திருக்கிறார்.

முதல் பாட்டிலேயே வித்தியாசம் காதில் அறைகிறது. பாடகர் மைக்கேல் ஸ்டைப்பின் குரல் பக்கத்து அறையிலிருந்து எழுந்து வந்து நேர் எதிரே உட்கார்ந்துவிட்டது. டிரம்ஸில் எதிரொலி வற்றிவிட்டது. கிட்டார் மெலிந்துவிட்டது. ‘வாட்ஸ் தி ஃப்ரீக்வென்சி, கென்னத்?’ பாட்டின் வரிகளை இப்போது ஒவ்வொன்றாக எழுதிக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பாட்டை யார் அப்படிக் கேட்டார்கள்? 1986-இல் நியூயார்க் தெருவில் செய்தி வாசிப்பாளர் டான் ராதரை ஒருவன் அடித்துக்கொண்டே கேட்ட கேள்விதான் அதன் தலைப்பு. அர்த்தம் பிடிபடாமல் இருப்பதுதான் அதன் குணம். வார்த்தை பாதி புரிந்து, கிட்டார் மீதியை விழுங்கினால்தான் அது ஓடும். ஒரு ஆறுதல்: பாட்டின் கடைசியில் வேகம் தளருமே, அது அப்படியே இருக்கிறது. அன்று பதிவில் வாசித்துக்கொண்டிருக்கும்போதே பேஸ் கிட்டார்காரர் மைக் மில்ஸுக்கு அப்பெண்டிசைட்டிஸ் வலி. அவர் வேகம் குறைக்க மற்றவர்களும் பின்னாலேயே குறைத்தார்கள். அப்புறம் அவரை மருத்துவமனைக்குக் கொண்டு ஓடினார்கள். அந்தப் பாட்டைத் திரும்பப் பதிவு செய்யவே இல்லை. அது வாசிப்பிலேயே இருப்பதால் எந்த மிக்ஸாலும் தொட முடியாது.

‘க்ரஷ் வித் ஐலைனர்’ எனக்கு நேரடி நஷ்டம். கிட்டாரின் அந்த நடுக்கம்தான் பாட்டு. அதைக் குறைத்த பிறகு, உதட்டுச்சாயம் பூசிய ஒருவரை வெயிலில் நிறுத்திப் பார்த்த மாதிரி இருக்கிறது. ‘ஸ்டார் 69’-உம் அப்படித்தான்: குரல் மேல் குரல் ஏறி மூச்சு முட்ட வேண்டிய இடத்தில் இப்போது காற்றோட்டம்.

இரண்டு பாட்டில் மட்டும் லிட் ஜெயித்திருக்கிறார். ஒன்று ‘ஸ்ட்ரேஞ்ச் கரன்சீஸ்’. அது ‘எவ்ரிபடி ஹர்ட்ஸ்’ பாட்டின் உடன்பிறப்பு, தாள நடைகூடக் கிட்டத்தட்ட அதேதான். கெஞ்சுகிற பாட்டு அது, கெஞ்சுபவன் முகம் தெரிந்தால் நல்லதுதான். இன்னொன்று ‘டங்’. ஸ்டைப் உச்சஸ்தாயியில் பொய்க்குரல் எடுத்துப் பாடுவது, கூடவே ஆர்கன், இரண்டும் இங்கே மூச்சு விடுகின்றன.

‘லெட் மீ இன்’ பற்றித்தான் எனக்கும் என் நண்பர் ஒருவருக்கும் இன்னும் தீராத வழக்கு. 1994 ஏப்ரலில் நிர்வாணா குழுவின் பாடகர் கர்ட் கோபேன் இறந்த பிறகு அவருக்காக எழுதிய பாட்டு. அவரும் ஸ்டைப்பும் சேர்ந்து பாட்டு செய்வதாகப் பேச்சு இருந்தது, நடக்கவில்லை. அதற்குச் சில மாதம் முன்னால்தான், 1993 அக்டோபர் கடைசியில், நடிகர் ரிவர் ஃபீனிக்ஸ் இறந்திருந்தார். ஆல்பமே அவருக்குத்தான் சமர்ப்பணம். பழைய மிக்ஸில் அந்தப் பாட்டு ஒரு பெரிய கிட்டார் சுவர். டிரம்ஸ் கிடையாது. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஸ்டைப் கத்துகிறார், நமக்குப் பாதிதான் எட்டுகிறது. ரீமிக்ஸில் சுவரை இறக்கிவிட்டார்கள். “இப்பத்தான்யா எனக்கு அழுகை வந்துச்சு” என்றார் நண்பர். வந்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் உள்ளே விடச் சொல்லி மன்றாடும் பாட்டில் கதவைத் திறந்து வைத்துவிட்டால் அப்புறம் மன்றாட என்ன இருக்கிறது? எனக்கு அந்த எட்டாத தூரம்தான் துக்கம். நண்பர் இதை வறட்டு வாதம் என்கிறார்.

டெமோ சிடியை ஒரு தடவை கேட்டால் போதும். பெரும்பாலும் பாட்டில்லாத வாசிப்பு. ஆனால் பில் பெர்ரி டிரம்ஸில் எவ்வளவு குறைவாக வாசித்து எவ்வளவு தாங்கினார் என்று தெரிந்துகொள்ள இது நல்ல இடம்.

பெர்ரிக்காகவே சிகாகோ கச்சேரியைப் பலமுறை கேட்கலாம். அதற்கு மூன்று மாதம் முன்பு, 1995 மார்ச் 1 அன்று, சுவிட்சர்லாந்தின் லோசானில் மேடையிலேயே அவருக்கு மூளையில் ரத்தக்குழாய் வெடித்தது. அறுவை சிகிச்சை முடிந்து மேயில் திரும்பிவிட்டார். அதே சுற்றுப்பயணத்தில் பிறகு மில்ஸுக்கும் ஸ்டைப்புக்கும்கூட அறுவை சிகிச்சை. இந்தப் பதிவில் பெர்ரி அடிப்பதைக் கேட்டால் உடம்பு சரியில்லாத ஆள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆல்பத்தில் சிலருக்கு வெறும் ஜாடையாகத் தெரிந்த பாட்டுகள் மேடையில் சதையோடு இருக்கின்றன. இரண்டு வருடம் கழித்து அவர் விலகினார். மிச்ச மூவர் இன்னும் ஐந்து ஆல்பம் போட்டார்கள். அவற்றில் ‘அப்’ தவிர வேறெதையும் நான் தேடிப் போய்க் கேட்பதில்லை. இதைச் சொன்னதற்கு ‘அக்சலரேட்’ ரசிகர்கள் திட்டுவார்கள், திட்டட்டும்.

புளூ-ரேயில் ‘ரோட் மூவி’ இருக்கிறது, 1995 நவம்பரில் அட்லாண்டாவில் எடுத்த கச்சேரிப் படம். சரவுண்டு ஒலி வசதி இல்லாதவர்களுக்கு அந்த வட்டில் அதைத் தவிர அதிகம் இல்லை. சிகாகோ வேண்டாம் என்பவர்களுக்கு மூல ஆல்பமும் ரீமிக்ஸும் மட்டும் கொண்ட இரட்டை சிடியே போதும். எதை வாங்கினாலும் முதலில் பழைய மிக்ஸைப் போடுங்கள், கொஞ்சம் சத்தமாக. ரீமிக்ஸை மட்டும் கேட்டுவிட்டு ‘மான்ஸ்டர்’ பிடித்திருக்கிறது என்று சொல்பவர்களை நான் இன்னும் கட்சியில் சேர்க்கவில்லை.